கிரெடிட் என்றால் வரவா, கடனா?



நம் கடைகளில் காலை முதல் இரவு வரை காதில் விழும் ஆங்கிலச் சொற்களை எண்ணிப் பார்த்தால் 'கிரெடிட்' என்ற சொல் முதல் வரிசையில் வந்து நிற்கும். காலையில் கம்பெனிப் பிரதிநிதி வருகிறார். "அண்ணாச்சி, இந்தச் சரக்குக்கு 21 நாள் கிரெடிட்" என்கிறார். சற்று நேரத்தில் வங்கியிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வருகிறது: உங்கள் கணக்கில் 5,000 ரூபாய் 'கிரெடிட்' ஆகியிருக்கிறது. மதியம் கணக்குப்பிள்ளை கேட்கிறார்: "திருப்பி அனுப்பிய பிஸ்கட்டுக்குக் கிரெடிட் நோட் வந்ததா?" மாலையில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன்: "இந்த மாதம் உங்களுக்கு இன்புட் கிரெடிட் குறைகிறது, பாருங்கள்."

இந்த நான்கில் முதலாவது, நாம் கொடுக்க வேண்டிய கடன். இரண்டாவது, கைக்கு வந்துவிட்ட பணம். மூன்றாவது ஒரு சீட்டு. நான்காவது, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை. தமிழில் கடன் வேறு, வரவு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர் கடை நடத்த முடியாது. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல். இதனால்தான் படித்த பிள்ளைகள்கூடக் கணக்கு எழுத உட்கார்ந்தால் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். தடுமாற்றம் பேச்சோடு நின்றால் பரவாயில்லை. ஏட்டில் ஏறினால் பணம் போகும். ஆகவே இந்த ஒரு சொல்லை வேரிலிருந்து பிடித்து, நம் தொழிலில் அது எங்கெங்கே எப்படிப் பொருள் மாறுகிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

சொல்லின் வேர்

கிரெடிட் என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். அம்மொழியில் 'கிரேதெரே' என்றால் நம்புதல். 'கிரேதிதும்' என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். இதே வேரிலிருந்து ஆங்கிலத்தில் நம்பத்தக்கது என்று பொருள்படும் 'கிரெடிபிள்', நம்ப முடியாதது என்று பொருள்படும் 'இன்கிரெடிபிள்' ஆகிய சொற்களும் வந்தன. ஆக, கிரெடிட் என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் கடனும் அல்ல, வரவும் அல்ல, நம்பிக்கை.

இது நமக்குப் புதிதல்ல. தமிழில் 'நாணயம்' என்ற சொல்லைப் பாருங்கள். கல்லாப் பெட்டியில் விழும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். "நாணயமான கடை" என்று ஊரார் சொன்னால் அந்தக் கடையில் சில்லறை நிறைய இருக்கிறது என்று யாரும் பொருள் கொள்வதில்லை. காசும் நம்பிக்கையும் ஒரே சொல்லில் குடியிருப்பது வணிகம் வளர்ந்த மொழிகளில் நடப்பதுதான்.

வேர் தெரிந்துவிட்டால் குழப்பம் பாதி தீர்ந்தது. கிரெடிட் என்ற சொல்லை எங்கே கண்டாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று: இங்கே யார் யாரை நம்பினார்? இரண்டு: இது யாருடைய ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் பொருள் தானே விளங்கும்.

முதல் பொருள்: தவணைக் கடன்

'சேல் ஆன் கிரெடிட்' என்றால் கடனுக்கு விற்றல். விற்றவர் வாங்கியவரை நம்பிச் சரக்கை முன்னால் கொடுக்கிறார். பணம் பின்னால் வரும். 'கிரெடிட் பீரியட்' என்பது அந்த நம்பிக்கைக்கு வைத்த கெடு. 'கிரெடிட் லிமிட்' என்பது அந்த நம்பிக்கைக்கு வைத்த அளவு. "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று கடையில் எழுதி மாட்டுகிறோமே, அந்தக் கடன் இதுதான்.

இந்தச் சொல்லைப் பட்டியலில் எழுதுவதற்கும் எழுதாமல் விடுவதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. மொத்த வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வேறு பேச்சு இல்லாவிட்டால் சரக்குக் கொடுப்பதும் பணம் கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை. அதாவது, பேசிக்கொண்டால்தான் கிரெடிட்; பேசாவிட்டால் ரொக்கம். அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவு, பணம் வராதவரை தம் கையில் இருக்கும் சரக்கை நிறுத்திவைக்கும் உரிமையை விற்றவருக்குக் கொடுக்கிறது. ஆனால் பட்டியலில் 'கிரெடிட் 30 நாள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த 30 நாளும் இந்த உரிமை நிற்காது. கெடு முடிந்த பிறகோ, வாங்கியவர் நொடித்துப்போனாலோதான் சரக்கை நிறுத்திவைக்கலாம். எனவே பட்டியல் புத்தகம் அச்சடிக்கும்போதே எல்லாப் பட்டியலிலும் கிரெடிட் நாள்களைப் போட்டுவைப்பது நல்ல பழக்கம் அல்ல. யாருக்குக் கொடுக்கிறோமோ அவருக்கு மட்டும் எழுதுங்கள்.

பாக்கிக்காக நீதிமன்றம் போக நேர்ந்தாலும் இந்தச் சொல்தான் நாள் கணக்கைத் தீர்மானிக்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம். கெடு எதுவும் பேசாமல் விற்றிருந்தால் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து அந்த 3 ஆண்டு ஓடத் தொடங்கும். கெடு பேசி விற்றிருந்தால் கெடு முடிந்த நாளிலிருந்து ஓடும். 2025 ஜூன் 1-இல் சரக்குக் கொடுத்து, ஜூலை 1-இல் முடியும்படி கிரெடிட் கொடுத்திருந்தால், 3 ஆண்டை எண்ண வேண்டியது ஜூலை 1-இலிருந்து. கெடு முடிவதற்குள் வாங்கியவர் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தக் கையெழுத்து நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். இங்கே கெடு என்றது வழக்குப் போடும் 3 ஆண்டுக் கெடுவை. ஆண்டுக்கு ஒருமுறை பாக்கிதாரர்களிடம் நிலுவைச் சீட்டில் கையெழுத்து வாங்கிவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கடன் கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. அப்பளம், மசாலாப் பொடி, ஊறுகாய் போன்றவற்றைப் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கிரெடிட் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். இந்தக் கெடு தாண்டினால், பணம் கட்டிய ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். இது 2023-24 கணக்கு ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. மார்ச் கடைசியில் இத்தகைய பாக்கிகளைத் தனியே எடுத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் பொருள்: வரவு

இனிக் கணக்கேட்டுக்கு வருவோம். ஏட்டில் 'டெபிட்' என்றால் பற்று, 'கிரெடிட்' என்றால் வரவு. சுருக்கமாக 'டி.ஆர்.', 'சி.ஆர்.' என்று எழுதுவார்கள். இந்த இரட்டைப் பதிவு முறையை இத்தாலியில் வெனிஸ் நகர வணிகர்கள் கையாண்டு வந்தார்கள். லூக்கா பாச்சோலி என்ற துறவி 1494-இல் அச்சிட்ட தம் கணித நூலில் அதை விளக்கி எழுதினார். அக்கால ஏடுகளில் ஒருவர் பெயருக்கு நேரே ஒரு பக்கம் 'இவர் தர வேண்டும்', மறுபக்கம் 'இவர் பெற வேண்டும்' என்ற பொருளில் குறிப்பார்கள். தர வேண்டியவர் பக்கம் டெபிட். பெற வேண்டியவர் பக்கம் கிரெடிட். நம்மிடம் நம்பிக் கொடுத்தவர்தான் நம்மிடமிருந்து பெற வேண்டியவர். ஆகவே நம்பிக்கை என்ற சொல் இங்கே வரவாகி நின்றது.

பள்ளியில் வணிகவியல் படித்த பிள்ளைகள் இதையே, "பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு" என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். நம் பெரியவர்கள் எழுதிய பற்று வரவு நோட்டும் இதே முறைதான். வாடிக்கையாளர் அரிசி எடுத்துப் போனால் அவர் பெயரில் பற்று. பணம் கொண்டுவந்து கொடுத்தால் அவர் பெயரில் வரவு.

குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். வாடிக்கையாளருக்குக் கடனுக்கு அரிசி கொடுத்தால் அது 'கிரெடிட் சேல்'. ஆனால் ஏட்டில் அவர் பெயரில் எழுத வேண்டியது டெபிட். வியாபாரத்தின் பெயர் கிரெடிட், அவர் பெயரில் ஏறுவது டெபிட்! முதல் கேள்வியைக் கேளுங்கள்: யார் யாரை நம்பினார்? நாம் அவரை நம்பினோம். அதனால் அது கிரெடிட் சேல். ஏட்டில் அவர் பெயர் எந்தப் பக்கம்? அவர் பெற்றவர், அதனால் பற்று.

கணினியில் கணக்கு எழுதும் கடைகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. டாலி மென்பொருளில் 'சண்ட்ரி டெப்டார்ஸ்', 'சண்ட்ரி கிரெடிட்டார்ஸ்' என்று இரண்டு தொகுப்புகள் உண்டு. புதிதாக வந்த பையன், "இவர் கிரெடிட்டில் வாங்கும் வாடிக்கையாளர்" என்று கேட்டவுடன் அவர் பெயரைக் கிரெடிட்டார்ஸ் தொகுப்பில் போட்டுவிடுகிறான். கிரெடிட்டார் என்றால் நம்மை நம்பிக் கடன் கொடுத்தவர்; நாம் பணம் தர வேண்டியவர். கடனுக்கு வாங்கும் வாடிக்கையாளர் டெப்டார். இடம் மாறினால் ஆண்டு இறுதி ஐந்தொகையில் நமக்கு வர வேண்டிய பாக்கி, நாம் கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வசூலுக்குப் போகிறவர் கையிலுள்ள பட்டியலில் அந்தப் பெயரே இருக்காது.

பாஸ்புக் ஏன் தலைகீழாக இருக்கிறது?

வங்கியில் 10,000 ரூபாய் கட்டுகிறோம். பாஸ்புக்கில் அது கிரெடிட் பக்கத்தில் விழுகிறது. ஆனால் நம் பேரேட்டில் வங்கிக் கணக்கின் டெபிட் பக்கத்தில் எழுத வேண்டும் என்கிறார் கணக்குப்பிள்ளை. எது சரி? இரண்டும் சரி.

இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: யாருடைய ஏடு? பாஸ்புக் நம் கையில் இருந்தாலும் அது நம் ஏடு அல்ல. வங்கியின் பேரேட்டில் நமக்காக ஒதுக்கிய பக்கத்தின் நகல் அது. வங்கியின் பார்வையில் நாம் பணம் தந்தவர். அதனால் நம் பெயரில் வரவு. நம் பார்வையில் வங்கி பணம் பெற்றது. அதனால் வங்கியின் பெயரில் பற்று. எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு வலப்பக்கம் இருப்பது மற்றவருக்கு இடப்பக்கம் இருப்பதைப் போன்றது இது. மாதந்தோறும் இரண்டு ஏடுகளையும் ஒத்துப்பார்க்கும்போது, பாஸ்புக் கிரெடிட்டை நம் டெபிட்டோடும், பாஸ்புக் டெபிட்டை நம் கிரெடிட்டோடும் சரிபார்க்க வேண்டும்.

ஒரே தாளில் இரண்டு பொருள்: கேஷ் கிரெடிட்

இருப்புச் சரக்கின் பேரில் வங்கியில் 'சி.சி.' கணக்கு வைத்திருப்பவர்கள் பலர். 'கேஷ் கிரெடிட்' என்பதன் சுருக்கம் அது. இங்கே கிரெடிட் என்றால் கடன். வங்கி நம்மை நம்பி ஓர் அளவு வரை பணம் எடுத்துக்கொள்ள விடுகிறது. ஆனால் அதே கணக்கின் ஸ்டேட்மெண்டில் 'கிரெடிட்' என்று தலைப்பிட்ட கட்டத்தில் இருப்பதோ, நாம் கட்டிய பணம். தலைப்பில் கடன், கட்டத்தில் வரவு!

ஓர் உதாரணம். சி.சி. அளவு 5,00,000 ரூபாய். இதுவரை எடுத்தது 3,20,000. ஸ்டேட்மெண்டில் மீதி '3,20,000 டி.ஆர்.' என்று இருக்கும். இன்று கல்லாவிலிருந்து 40,000 கட்டினால் அது கிரெடிட் கட்டத்தில் ஏறும். மீதி '2,80,000 டி.ஆர்.' ஆகும். இன்னும் எடுக்கக்கூடியது 2,20,000. இந்த 2,20,000-த்தைச் சிலர் "அக்கவுண்டில் இரண்டே கால் லட்சம் கிடக்கிறது" என்று சொல்லிக்கொள்வார்கள். அது கிடக்கும் பணம் அல்ல. இன்னும் வாங்காத கடன். எடுத்த தொகைக்கு எடுத்த நாளிலிருந்து வட்டி. மீதிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்தைப் பார்க்காமல் தொகையை மட்டும் பார்த்துக் கொள்முதல் பேசினால், பண்டிகைச் சரக்கில் வந்த லாபம் வட்டியிலேயே கரைந்துபோகும்.

கிரெடிட் நோட்

சரக்குத் திரும்பினாலோ, குறைவாக வந்தாலோ, விலை அல்லது வரி கூடுதலாகப் போடப்பட்டிருந்தாலோ, விற்றவர் வாங்கியவருக்குக் கொடுக்கும் சீட்டு கிரெடிட் நோட். "என் ஏட்டில் உங்கள் பெயரில் இவ்வளவு வரவு வைத்துவிட்டேன்" என்பது அதன் பொருள். கம்பெனியின் ஏட்டில் நமக்கு வரவு. நம் ஏட்டில் கம்பெனிக்குப் பற்று. கொடுக்க வேண்டிய பாக்கி அந்த அளவு குறைகிறது.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, வரிக் கணக்கில் ஏறும் கிரெடிட் நோட்டைக் கொடுக்க வேண்டியவர் விற்றவர்தான். அந்தச் சீட்டில் வரியும் குறைக்கப்பட்டிருந்தால் நாமும் முன்பு எடுத்த வரிக் கிரெடிட்டை அந்த அளவு குறைத்துக்கொள்ள வேண்டும். வரியைத் தொடாமல் விலைத் தள்ளுபடிக்கு மட்டும் கொடுத்த நோட்டாக இருந்தால் வரிக் கிரெடிட்டைக் குறைக்க வேண்டியதில்லை. ஆகவே கிரெடிட் நோட் வந்தவுடன் கோப்பில் குத்திவிடாமல், அதில் வரிக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிரதிநிதி "அடுத்த பில்லில் கழித்துவிடலாம்" என்று வாயால் சொல்லிவிட்டு, காலாவதிச் சரக்கை எடுத்துச் செல்வது நம் தெருக்களில் அன்றாடக் காட்சி. சரக்கும் போய், சீட்டும் வராமல், பிரதிநிதியும் மாறிவிட்டால் யாரிடம் கேட்பது? சரக்கு எடுத்துப்போகும்போதே அளவும் நாளும் எழுதிய சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கிரெடிட் நோட் வரும்வரை அந்தச் சீட்டுதான் உங்கள் கையில் உள்ள ஆதாரம்.

வரியில் வரும் கிரெடிட்

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் 'இன்புட் டாக்ஸ் கிரெடிட்' என்ற பேச்சு எல்லாக் கடைகளிலும் புழங்குகிறது. தமிழில் உள்ளீட்டு வரி வரவு என்கிறார்கள். வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதே இது. 5 சதவீத வரியுள்ள சமையல் எண்ணெயை 20,000 ரூபாய்க்கு வாங்கினால் வரி 1,000. அதையே 22,000 ரூபாய்க்கு விற்றால் வரி 1,100. கிரெடிட் 1,000 போக ரொக்கமாகக் கட்ட வேண்டியது 100 மட்டுமே. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கிரெடிட் கிடையாது.

இங்கே யார் யாரை நம்புகிறார்? "இந்த வரி ஏற்கெனவே வந்துவிட்டது" என்று அரசு நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்கு நிபந்தனைகள் உண்டு. நம் பதிவு எண்ணோடு கூடிய வரிப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். சரக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். விற்றவர் அந்தப் பட்டியலைத் தம் கணக்கில் ஏற்றி, அது நம் 2பி அறிக்கையில் தெரிய வேண்டும். இது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். விற்றவர் வரியைக் கட்டியும் இருக்க வேண்டும். அவர் ஏமாற்றினால் இடி விழுவது நம் தலையில். எனவே விலை மட்டும் பார்த்துப் புதுக் கடையில் கொள்முதல் செய்பவர்கள், அவர் கணக்கை ஒழுங்காக ஏற்றுகிறவரா என்றும் விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு விதி, முதல் பொருளையும் இந்தப் பொருளையும் முடிச்சுப் போடுகிறது. விற்றவர் நமக்கு எத்தனை நாள் கிரெடிட் கொடுத்தாலும், பட்டியல் தேதியிலிருந்து 180 நாளுக்குள் அவருக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த வரிக் கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்தபின் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதேபோல் கெட்டுப்போய்க் கொட்டிய சரக்குக்கும், திருட்டுப் போன சரக்குக்கும், இலவசமாகக் கொடுத்த மாதிரிக்கும் வரிக் கிரெடிட் கிடையாது.

கடனுக்கு விற்பவர்களுக்கும் ஒரு சொல். நாம் விற்ற காலத்துக்குரிய வரியைக் கட்டியே ஆக வேண்டும். வாடிக்கையாளர் பணம் தராமல் போனாலும் அந்த வரி திரும்பி வராது. ரொக்கத்தில் போனால் சரக்கின் விலைதான் வாராக் கடன் என்று நினைக்கிறோம். உண்மையில் வரியும் சேர்ந்து வாராக் கடன்.

கார்டும் கைப்பேசியும்

'டெபிட் கார்டு' கொடுப்பவர் தம் கணக்கில் உள்ள பணத்தைக் கொடுக்கிறார். 'கிரெடிட் கார்டு' கொடுப்பவரை அவருடைய வங்கி நம்புகிறது. வங்கி நமக்குப் பணம் தந்துவிட்டு அவரிடம் பின்னால் வாங்கிக்கொள்கிறது. நமக்கு அது கடன் விற்பனை அல்ல. ஆனால் கிரெடிட் கார்டு விற்பனையில் வங்கி ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் வரவு வைக்கும். எனவே 1,000 ரூபாய் விற்பனைக்கு 1,000 ரூபாயே வந்ததாக எழுதினால் ஏடு ஒத்துப்போகாது. பிடித்த கட்டணத்தைச் செலவாக எழுதுங்கள்.

'கிரெடிட்டட்' என்று கைப்பேசியில் வரும் செய்தி வேறு, கணக்கில் ஏறிய பணம் வேறு. செய்தியை யார் வேண்டுமானாலும் அச்சு அசலாகத் தயாரித்து அனுப்பலாம். பணம் கட்டியதுபோன்ற படத்தையும் காட்டலாம். கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர் நீட்டும் கைப்பேசியைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்காமல், நம் செயலியில் அல்லது ஒலிப்பெட்டியில் உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கும் யாருடைய ஏடு என்பதே கேள்வி. அவர் கையில் இருப்பது அவர் ஏடு. நமக்கு வரவு ஏறியதா என்பதை நம் ஏடுதான் சொல்ல வேண்டும். பணம் நமக்கு வருவதற்கு நாம் இரகசிய எண்ணை அழுத்த வேண்டிய தேவை எப்போதும் இல்லை. "உங்களுக்குக் கிரெடிட் ஆக எண்ணை அழுத்துங்கள்" என்று யாராவது சொன்னால், அது நம்மிடமிருந்து டெபிட் ஆகப்போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்ல வேண்டும்.

லெட்டர் ஆஃப் கிரெடிட்

இறக்குமதி செய்யும் மொத்த வியாபாரிகள் இதை 'எல்.சி.' என்பார்கள். மியான்மரிலிருந்து உளுந்து வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விற்பவருக்கு நம்மைத் தெரியாது. நமக்கும் அவரைத் தெரியாது. நம் வங்கி, "குறிப்பிட்ட ஆவணங்கள் சரியாக வந்தால் பணம் தருகிறோம்" என்று எழுதிக் கொடுக்கிறது. நம்மை நம்பாதவர் நம் வங்கியை நம்புகிறார். அந்த நம்பிக்கைக் கடிதமே எல்.சி. இதில் கவனிக்க வேண்டியது, வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே. மூட்டையைப் பிரித்து உளுந்தைப் பார்ப்பதில்லை. ஆகவே சரக்கின் தரத்துக்கு ஆய்வுச் சான்று வேண்டும் என்றால் அதையும் ஆவணப் பட்டியலில் முன்கூட்டியே சேர்க்கச் சொல்ல வேண்டும்.

கிரெடிட் ஸ்கோர்

இங்கே கிரெடிட் என்றால் நம்பத்தகுந்த தன்மை. கடனைத் தவணை தவறாமல் கட்டுகிறோமா என்ற வரலாற்றை வைத்து 300 முதல் 900 வரை ஓர் எண் போடுகிறார்கள். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிபில் நிறுவனத்தின் பெயரிலேயே இதைச் 'சிபில் ஸ்கோர்' என்று சொல்கிறோம். முன்பு கடைத்தெருவில் நான்கு பேரிடம் விசாரித்து அறிந்ததை இன்று எண்ணாகப் பார்க்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். நாம் வாங்காத கடன் நம் பெயரில் ஏறியிருக்கிறதா, அடைத்த கடன் அடைபடாததாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். மற்றவருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கடைக்கு வெளியே

கடையை விட்டு வெளியே வந்தாலும் இந்தச் சொல் நம்மைத் தொடர்கிறது. 'கிவ் கிரெடிட்' என்றால் கடன் கொடு என்பதோடு, ஒருவர் செய்த நல்ல வேலைக்கு உரிய பெருமையை அவருக்கே கொடு என்றும் பொருள். சினிமா முடிவில் ஓடும் பெயர் வரிசைக்குக் 'கிரெடிட்ஸ்' என்று பெயர். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் "இந்தப் பாடத்துக்கு நான்கு கிரெடிட்" என்பார்கள். தேர்ச்சி பெற்றால் அவர்கள் கணக்கில் ஏறும் பாட அளவு அது. எல்லா இடத்திலும் ஒருவர் பெயரில் ஏதோ ஒன்று வரவு வைக்கப்படுகிறது.

பயிற்சி

கடைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கிரெடிட் என்றால் என்ன?

1. "இந்த மாதம் கிரெடிட் சேல் கூடிவிட்டது."
2. "பாஸ்புக்கில் 8,000 கிரெடிட் இருக்கிறது."
3. "எண்ணெய்க் கம்பெனி நம் கிரெடிட்டார்."
4. "2பியில் அந்தப் பட்டியலின் கிரெடிட் தெரியவில்லை."
5. "சி.சி. அக்கவுண்டில் மீதி 1,50,000 டி.ஆர்."
6. "கணக்குச் சரியாக வந்ததற்குக் கிரெடிட் கணக்குப்பிள்ளைக்குத்தான்."

விடை: 1. நாம் வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடன். வசூலைக் கவனிக்க வேண்டும். 2. வங்கியின் ஏட்டில் நமக்கு வரவு. நம் ஏட்டில் வங்கிக்குப் பற்று. 3. நம்மை நம்பிச் சரக்குக் கொடுத்தவர். நாம் பணம் தர வேண்டும். 4. வரியில் கழிக்கும் தொகை. விற்றவருக்கு உடனே போன் செய்ய வேண்டும். 5. கிரெடிட் என்ற சொல் 'சி.சி.' என்பதற்குள் கடனாக ஒளிந்திருக்கிறது. 1,50,000 நாம் வங்கிக்குத் தர வேண்டியது. 6. பாராட்டு.

ஆறுக்கும் சரியாக விடை சொன்ன பையனிடம் பேரேட்டை நம்பிக் கொடுக்கலாம். ஒன்றிரண்டு தவறினால், அவன் சென்ற மாதம் எழுதிய பக்கங்களை இன்றே ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.